பேப்பர் சுற்றிய பாட்டில்

எங்கள் ஊரில் பிராந்திக் கடைகளுக்கெல்லாம் பலகையில் 'ஒயின்ஸ்' என்றுதான் எழுதியிருக்கும். உள்ளே போய் ஒயின் கேட்டுப் பாருங்கள், கடைக்காரர் ஏற இறங்கப் பார்ப்பார். பிறகு ஸ்டூல் போட்டு ஏறி, மேல் தட்டில் தூசியோடு நிற்கிற ஒன்றை எடுத்து, சட்டை முனையால் துடைத்து நீட்டுவார். பெயர் ஒன்று, பிழைப்பு ஒன்று. அதுவும் கேட்பது ஐம்பதைத் தாண்டிய இரண்டு பெண்கள் என்றால், வாசலில் நிற்கிற ஆம்பளைகள் தங்கள் குவார்ட்டரை மறந்துவிட்டு எங்களை வேடிக்கை பார்ப்பார்கள்.

அதனால் நானும் அண்ணியும் வெள்ளைக்காரத் தெருக்கள் பக்கம் இருக்கிற பெரிய கடைக்குத்தான் போவோம். அங்கே சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிற பெண்கள் கூடையை எடுத்துக்கொண்டு தாமே பொறுக்குவார்கள், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சனிக்கிழமை காலை, சுற்றுலாக் கும்பல் தூங்கி எழுவதற்கு முன்னால் போய்விடுவோம். அண்ணி கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்வாள். கான்வென்டில் படித்த பிரெஞ்சைத் தூசி தட்டி எடுத்து, என்னிடம் சத்தமாக இரண்டு வார்த்தை பேசுவாள், நாங்கள் வெளியூர் என்று கடைக்காரர் நம்ப வேண்டுமாம். கடைக்காரர் பில் போட்டுக்கொண்டே, "போன வாரம் வாங்கினது எப்படி இருந்துச்சுங்க ஆன்ட்டி?" என்று தமிழில் கேட்பார். அண்ணி கண்ணாடியைக் கழற்றாமலேயே, "புளிப்புப்பா" என்பாள்.

குடிக்க ஆசைப்பட்டு நாங்கள் இதில் இறங்கவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் மூக்கு போய்விட்டது.

அந்தக் காய்ச்சல் வந்த வருஷம் எங்கள் வீட்டில் மூன்று பேர் இருந்தோம். அண்ணன், அண்ணி, கல்யாணம் ஆகாத நான். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. குருசுக்குப்பத்தை ஒட்டின சந்தில் வீடு. அண்ணன் மில்லில் இருந்தவன், மில் மூடின பிறகு லோடு ஆட்டோ வாங்கி, விடியற்காலையில் படகுகளுக்கு ஐஸ் ஏற்றிக்கொண்டு போவான். எனக்கு லாஸ்பேட்டையில் ஒரு காலேஜ் ஆபீசில் வேலை. முதலில் அண்ணன் படுத்தான், அடுத்து நாங்கள் இருவரும். ஆம்புலன்ஸ் வந்து அவனை ஏற்றிக்கொண்டு போனது. நாங்கள் இரண்டு பேரும் எழுந்து நடமாடத் தொடங்கினபோது அவன் இல்லை. முகத்தைக்கூடக் காட்டவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம்.

வீட்டைச் சுத்தம் செய்ய வந்தவர்கள் அவனுடைய பாய், தலையணை, போர்வை எல்லாவற்றையும் எடுத்துப் போய்விட்டார்கள். கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கின சட்டை மட்டும் அவர்கள் கண்ணில் படவில்லை. நீலக் கட்டம் போட்ட அரைக்கைச் சட்டை, ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முதல் நாள் கழற்றிப் போட்டது. துவைக்காதது. அண்ணி அதை எடுத்து முகத்தில் வைத்துப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. அப்போதுதான் தனக்கு மூக்கு போய்விட்டது என்பதே அவளுக்குத் தெரிந்தது. அழக்கூட இல்லை. புடவைக்கடை பிளாஸ்டிக் கவர் ஒன்றைத் தேடி எடுத்து, சட்டையை உள்ளே வைத்து, காற்றை அமுக்கி வெளியேற்றி, வாயை முறுக்கி முடிச்சுப் போட்டு, பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்துவிட்டாள்.

"மூக்கு திரும்பி வரட்டும், அப்புறம் தொறக்கறேன்" என்றாள். "சும்மா சும்மா தொறந்தா இருக்கறதும் போயிடும்."

எல்லோருக்கும் பத்து நாளில் வந்தது, இருபது நாளில் வந்தது என்றார்கள். எங்களுக்கு வரவில்லை. வாசனை இல்லாத வீட்டில் வாழ்ந்து பார்த்தவர்களுக்குத்தான் அது புரியும். காபி என்பது சூடான கசப்புத் தண்ணீர். கருவாடு காய்கிற நாளில் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுகிற சந்தில் நாங்கள் சாவகாசமாக நடப்போம். ஒருநாள் பால் பொங்கிக் கரிந்து, பாத்திரம் ஓட்டையாகிற வரைக்கும் பக்கத்து அறையில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தோம். பக்கத்து வீட்டுக்காரி வந்து கத்தினாள். அன்றிலிருந்து கேஸ் அடுப்பை அணைத்தேனா என்று நான் எழுந்து எழுந்து போய்ப் பார்க்கிறேன், இன்றைக்கும்.

பெரிய ஆஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டை டாக்டர், சின்ன வயசுப் பெண், பொறுமையாகச் சொன்னாள். கிராம்பு, எலுமிச்சை, தைலம் என்று ஒவ்வொன்றாக எடுத்து, காலையும் மாலையும் மோந்து பார்க்க வேண்டும். அது என்ன வாசனை என்று மனசில் நினைத்துக்கொண்டே மோக்க வேண்டும். நரம்பு மெதுவாகத் திரும்பும், திரும்பாமலும் போகலாம். இன்னொன்றும் சொன்னாள்: "எரிச்சல் வேற, வாசனை வேறம்மா. வெங்காயம் கண்ணுல எரியுது, தைலம் சுர்ருன்னு ஏறுதுன்னா மூக்கு வந்துடுச்சுன்னு நினைச்சுக்காதீங்க. அது மூக்கு இல்லாதவங்களுக்கும் ஏறும்." அண்ணி தலையாட்டினாள். அவள் கேட்டாளா இல்லையா என்பது எனக்குத் தெரியவில்லை.

கிராம்பு டப்பாவை ஆறு மாசம் மோந்தோம். அண்ணிக்கு வெறுத்துவிட்டது. "இது என்னான்னு தெரிஞ்சுக்கிட்டே மோந்தா மனசுதான் வாசனை சொல்லுது, மூக்கு சொல்லல" என்றாள். தெரியாத ஒன்றை மோந்து, பிறகு விடை பார்க்க வேண்டும், பரீட்சை போல. ஒரு கிறிஸ்துமசுக்கு யாரோ கொடுத்த ஒயின் பாட்டில் அலமாரியில் கிடந்தது. அதன் முதுகில் ஒட்டியிருந்த லேபிளை அவள் சும்மா படித்துக்கொண்டிருந்தாள். கொய்யாப்பழம், எலுமிச்சைத் தோல், வெட்டின புல் என்று இங்கிலீஷில் போட்டிருந்தது.

"திராட்சையில செஞ்சதுல திராட்சையைத் தவிர எல்லாம் இருக்குமாட்டம் இருக்கே" என்றாள். அப்படித்தான் ஆரம்பித்தது.

சட்டமெல்லாம் அண்ணிதான் போட்டாள். கடையில் முதுகு லேபிளைப் படிக்கக் கூடாது, பாட்டிலை வாங்கி வந்ததும் பேப்பர் சுற்றிவிட வேண்டும். கண்ணாடி கிளாஸ் கூடாது, நிறத்தைப் பார்த்தே ஊகித்துவிடுவோமாம். எவர்சில்வர் டம்ளரில்தான் ஊற்ற வேண்டும். ஆளுக்கு அரை டம்ளர், அதற்கு மேல் இல்லை. முதலில் மோந்து, பிறகு வாயில் வைத்துப் பார்த்து, சின்னவள்தான் முதலில் சொல்ல வேண்டும். பெரியவள் சொல்லிவிட்டால் சின்னவள் அதையே ஒப்பித்துவிடுவாள் என்று அவளுக்குச் சந்தேகம். சின்னவள் நான். ஐம்பத்திரண்டு வயசில் என்னை அவள் இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறாள். கடைசியில் பேப்பரைப் பிரித்து விடை பார்க்க வேண்டும்.

தொட்டுக்கொள்ள பொரித்த நெத்திலி. மாதா கோயில் பூசையில் சாமியார் கிண்ணத்தைத் தூக்கிக் குடிப்பதைப் பார்த்ததோடு சரி, அதுவரை எங்கள் இருவருக்கும் ஒயின் பழக்கமில்லை. விலை குறைந்ததாகத்தான் வாங்கினோம். மூக்கில்லாதவளுக்கு விலை உயர்ந்தது எதற்கு? நாக்குக்குத் தெரிவது இனிப்பு, புளிப்பு, கசப்பு, உப்பு, அவ்வளவுதான். இருந்தும் அந்த நாலைந்து சமாசாரத்தை வைத்துக்கொண்டே பிடித்தது பிடிக்காதது என்று எங்களுக்கு ஏற்பட்டுவிட்டது, அதுதான் வேடிக்கை. இனிப்புச் சிவப்பு ஒன்று இருமல் மருந்து. இன்னொன்று வாயைக் கட்டிப் பிடித்தது, பச்சை வாழைக்காய் கடித்த மாதிரி. பிடிக்காததைக் கீழே கொட்ட அண்ணிக்கு மனசு வராது. திருகு மூடி போட்ட காலி ஒயின் பாட்டில் ஒன்றில் ஊற்றி, வெளிச்சம் படாமல் அதற்கும் ஒரு பேப்பரைச் சுற்றி, சமையல் மேடைக்கு அடியில் புளிக்க வைத்துவிடுவாள். பன்றிக்கறியை ஊறப்போட்டு விந்தாலு வைக்க வீட்டு வினிகர். அண்ணனுக்கு அவள் விந்தாலு என்றால் உயிர்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் மோந்து பார்த்து, "ஒண்ணும் வரல அண்ணி" என்பேன். "எனக்குந்தான்" என்பாள். பேப்பரைப் பிரித்து, எங்களுக்கு வராத பழங்களின் பெயரை எல்லாம் வாசித்துவிட்டு நெத்திலியைத் தின்போம். பிறகு அவள் பீரோவைப் பார்ப்பாள். திறக்க மாட்டாள், பார்ப்பாள்.

இப்படிச் சுற்றிச் சுற்றி ஒரு வெள்ளை ஒயினில் வந்து நின்றோம். நாசிக் பக்கம் செய்தது, திருகு மூடி, மஞ்சள் லேபிள். விலையும் கையைக் கடிக்காது. பிரிஜ்ஜில் வைத்து எடுத்தால் நாக்குக்குச் சில்லென்று, மாங்காய்ப் பத்தையில் உப்பு தொட்டுத் தின்ற மாதிரி ஒரு புளிப்பு. இரண்டு பேருக்குமே பிடித்துப்போயிற்று. கடைக்காரரும் எங்களைக் கண்டதும் அதையே எடுத்து வைக்க ஆரம்பித்தார். எப்போதாவது அது இல்லை என்றால்தான் வேறு.

ஒரு சனிக்கிழமை நான் வழக்கம்போல ஒண்ணும் வரல என்றேன். அண்ணி டம்ளரை மூக்கிலிருந்து எடுக்காமல் இருந்தாள். "கொய்யா" என்றாள் மெதுவாக. "பாப்பா, கொய்யாப்பழம் வருது."

பேப்பரைப் பிரித்தோம். மஞ்சள் லேபிள். கொய்யா என்று போட்டிருந்தது. அண்ணன் போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். முன்பல்லில் நெத்திலி ஒட்டியிருந்தது, அதோடு சிரித்தாள். "உனக்கு வரலியா? நல்லா மோந்து பாரு" என்றாள். நான் நன்றாக மோந்தேன். "ஆமா அண்ணி, லேசா வர்ற மாதிரிதான் இருக்கு" என்றேன்.

அது மூக்கா, ஞாபகமா? வாரா வாரம் அதே பாட்டில். நாக்கு அந்தப் புளிப்பை அடையாளம் கண்டுகொள்ளாதா? லேபிள் எங்களுக்கு மனப்பாடம். இதெல்லாம் எனக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் சிரித்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எந்த வாயால் சொல்வது? அதன் பிறகு ஒவ்வொரு வாரமும் அவளுக்குக் கொய்யா வந்தது. நான் ஆமாம் போட்டேன். போகப் போக எனக்கே ஏதோ வருகிற மாதிரிதான் இருந்தது. நம்ப ஆசையிருந்தால் மூக்கு என்ன, எதுவும் வரும்.

அண்ணனுக்கு ஆண்டுப் பூசை ஒரு ஞாயிற்றுக்கிழமை அமைந்தது. முதல் நாள் சனிக்கிழமை. கறியை அன்றிரவே ஊறப்போட வேண்டும் என்று வினிகர் பாட்டிலை வெளியே எடுத்து மேடையில் வைத்திருந்தாள். நான் கடைக்குப் போய் வந்து, மஞ்சள் லேபிளுக்குப் பேப்பர் சுற்றி அதன் பக்கத்தில் வைத்தேன். கறிக்கடையில் அன்றைக்குக் கறி இல்லை, காலையில்தான் வரும் என்றார்கள். அதனால் ஊறப்போடுவது மறுநாளைக்குத் தள்ளிப்போனது. வழக்கமாக அண்ணிதான் பாட்டிலைப் பிரிஜ்ஜில் வைத்து, அவள்தான் ஊற்றுவாள். அன்று அவளுக்கு முட்டி வலி, தைலம் தேய்த்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். நான்தான் ஒன்றை எடுத்துப் பிரிஜ்ஜில் வைத்தேன், சாயங்காலம் எடுத்து ஊற்றினேன்.

மோந்தேன். சுருக்கென்று ஏறியது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எவ்வளவு நாளாயிற்று மூக்குக்குள் ஏதோ ஒன்று நுழைந்து! வாயில் வைத்தேன். புளிப்பு தூக்கலாக இருந்தது. சில பாட்டில் அப்படி இருக்கும்.

"அண்ணி, ஏறுது" என்றேன்.

அவள் மோந்தாள். ஒரு மடக்கு குடித்தாள், கண்ணை மூடிக்கொண்டாள். "கொய்யா" என்றாள். "கொய்யாக்காயி. பழம் இல்ல, காயி. யம்மா, மூக்குல எப்படி ஏறுது பாரு!" மறுபடி மோந்தாள், மறுபடி குடித்தாள். அரை டம்ளரையும் முடித்துவிட்டாள். நானும் முடித்தேன். பேப்பரைப் பிரிக்கவே இல்லை, எங்களுக்கு அது தேவைப்படவில்லை. இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதோம், நெத்திலி ஆறிப்போயிற்று.

"நாளைக்குப் பூசை முடிஞ்சு வந்து தொறந்துடறேன் பாப்பா" என்றாள் அண்ணி. "அவரு நாளுக்கு."

மறுநாள் காலைப் பூசையில் சாமியார் அண்ணன் பெயரை வாசித்தபோது அவள் தலைகுனியவில்லை, நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி வருகிற வழியில் கறி வாங்கினேன். வீட்டுக்கு வந்ததும் அவள் புடவைகூட மாற்றாமல் உள்ளே போனாள். நான் சமையலறையில் பூண்டையும் மிளகாயையும் அரைத்து வைத்துவிட்டு, வினிகருக்காக மேடையிலிருந்த பாட்டிலை எடுத்துத் திருகினேன்.

மூடி நெறுநெறுவென்று உடைந்தது. புது பாட்டிலின் மூடிதான் அப்படி உடையும்.

பேப்பரைக் கிழித்தேன். மஞ்சள் லேபிள், கழுத்து வரைக்கும் நிறைந்து, தெளிவாக இருந்தது. பிரிஜ்ஜைத் திறந்து இன்னொன்றை எடுத்து அதன் பேப்பரையும் பிரித்தேன். கலங்கலாக, அடியில் மண்டி தங்கின வினிகர், ஒரு டம்ளர் குறைந்திருந்தது. நேற்று நாங்கள் மோந்தது வாசனை இல்லை, எரிச்சல். டாக்டர் பெண் சொன்ன அதே எரிச்சல். வீடு முழுக்கக் காடி நாற்றம் அடித்திருக்கும், இரண்டு மடச்சிகள் கட்டிப்பிடித்து அழுதிருக்கிறோம்.

திறக்க விடக் கூடாது என்பது ஒன்றுதான் என் தலையில் ஓடியது. கையில் பூண்டு விழுதோடு ஓடினேன்.

அண்ணி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். முடிச்சு அவிழவில்லை போலிருக்கிறது, கவரைக் கத்தரியால் வெட்டியிருந்தாள். சட்டை மடியில் விரிந்து கிடந்தது. என்னைப் பார்த்தாள். அந்த முகத்தில் என்ன இருந்தது என்று எனக்குப் படிக்கத் தெரியவில்லை. சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை. மோந்துவிட்டாளா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அது வினிகர் அண்ணி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

அதற்குள் அவள் சட்டையை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"சின்னவதான் முதல்ல சொல்லணும்" என்றாள்.

கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினேன். காலர் பக்கம் முகத்தை வைத்தேன். துணி. கன்னத்தில் ஒரு பித்தான் குளிர்ச்சியாகப் பட்டது. அவ்வளவுதான், வேறு ஒன்றும் இல்லை. என்னுடன் பிறந்தவன், நாற்பது வருஷத்துக்கு மேல் ஒரே வீட்டில் சாப்பிட்டு எழுந்தவன், அதற்குள் அவன் இருந்தானோ என்னவோ, எனக்குத் தெரியவில்லை. பிரித்து விடை பார்க்க இதற்குப் பின்னால் லேபிளும் இல்லை.

நிமிர்ந்தேன். அண்ணி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஐஸ் வாசனை" என்றேன். "ஐஸ் மூடுற சாக்கு. கொஞ்சம் மீனு. அதுக்கு மேல அந்தச் சந்தனப் பவுடரு. குளிச்சுட்டு கழுத்துல கொட்டிக்குமே அண்ணன், சட்டையெல்லாம் வெள்ளையா. அது அப்படியே இருக்கு அண்ணி."

அவள் சட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். ஒரு தடவை, நீளமாக, மூச்சை உள்ளே இழுத்தாள்.

"ஆமா" என்றாள். "லேசா வர்ற மாதிரிதான் இருக்கு."

அந்த ஆமாவை எனக்குத் தெரியும். வாரா வாரம் நான் சொல்லி வந்த ஆமா அது.

நான் அலமாரியில் தேடி இன்னொரு கவரை எடுத்து வந்தேன். பழைய மடிப்பு மாறாமல் அவள் சட்டையை மடித்து உள்ளே வைத்தாள், காற்றை அமுக்கி வெளியேற்றினாள். முடிச்சு விழவில்லை. கவரை என் கையில் கொடுத்தாள்.

"இறுக்கமா கட்டு பாப்பா" என்றாள். "உள்ள இருக்கறது போயிடப் போவுது."